வைத்துவிட்டார் என்று யார் சொல்வது?

அம்மா தொலைபேசியில் பேசி முடித்தாலும் முதலில் வைக்கமாட்டார். எதிர்முனையில் இருப்பவர் வைக்க வேண்டும், அந்த ‘டொக்’ காதில் விழ வேண்டும், பிறகு ‘டூ… டூ…’ இரண்டு தடவையாவது கேட்க வேண்டும். அப்போதுதான் ரிசீவர் கீழே இறங்கும். பேச்சு முடிந்த கையோடு படக்கென்று வைப்பது முகத்தில் கதவைச் சாத்துவது மாதிரி என்பது அவர் கட்சி. போன வருடம் பாகான் டாலாம் வீட்டில் பழைய செம்புக் கம்பி இணைப்பை நிறுத்திவிட்டு ஃபைபருக்கு மாறினோம். போன் இப்போது ரூட்டர் பெட்டியின் பின்னால் செருகியிருக்கிறது. அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரே புகார்தான். “வச்ச சத்தமே வரமாட்டேங்குது ஐயா. நீ இருக்கியா, போயிட்டியான்னே தெரியல.”

நான் கீபோன், அதாவது ஆபீஸ்களுக்கான சின்ன போன் இணைப்புப் பெட்டி, மாட்டும் வேலை பார்க்கிறவன். பட்டர்வொர்த்திலும் பிறையிலும், பாலம் தாண்டிப் பினாங்குத் தீவிலும், இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி போன் பெட்டிகளைச் சுவரில் மாட்டியும் கழற்றியும் சம்பாதித்துக்கொண்டிருக்கிறேன். அம்மாவுக்கு ஒரு விளக்கம் சொல்லிச் சமாளித்திருக்கலாம், சொல்லவும் செய்தேன். ஆனால் அவர் கேட்டதை அவ்வளவு லேசாகத் தள்ள முடியவில்லை. எதிர்முனையில் ஆள் போய்விட்டார் என்பதைக் கம்பி எப்படிச் சொல்லும்? இதே கேள்விக்கு விடை தெரியாமல் நான் ஒரு காலத்தில் மூன்று மாதம் முழி பிதுங்கி நின்றிருக்கிறேன்.

பூட்டிய டயல்

அந்தக் கதைக்கு முன்னால் ஒரு சின்னப் பையன் கதை. எங்கள் தெரு மளிகைக் கடையில் ஒரு கறுப்பு போன் இருந்தது. கடைக்காரர் வெளியே போகும்போது டயலின் ஓட்டையில் கட்டைவிரல் அளவுப் பூட்டு ஒன்றைப் போட்டுவிட்டுப் போவார். வருகிற அழைப்பை எடுக்கலாம், சுழற்றிக் கூப்பிட முடியாது. பெரிய பையன் ஒருவன் எங்களுக்கு வித்தை காட்டினான். ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, அது உட்காரும் இடத்தில் உள்ள பொத்தானைத் தட்டினான். மூன்று வேகத் தட்டு, ஒரு இடைவெளி. ஐந்து தட்டு, ஒரு இடைவெளி. சுழியத்துக்குப் பத்துத் தட்டு. அவன் மாமா வீட்டில் மணி அடித்தது. நாங்கள் அவனை மந்திரவாதி மாதிரி பார்த்தோம்.

பிற்பாடு தொழிலுக்கு வந்த பிறகுதான் அதில் மந்திரம் ஒன்றும் இல்லை என்று புரிந்தது. எக்ஸ்சேஞ்சில், அதாவது ஊர் லைன்கள் எல்லாம் போய்ச் சேரும் தொலைபேசி நிலையத்தில், இருக்கும் பேட்டரி 48 வோல்ட்டைக் கம்பியில் நிறுத்திவைத்திருக்கிறது. ரிசீவர் கீழே இருக்கும்வரை வட்டம் திறந்திருக்கும், மின்னோட்டம் இல்லை. எடுத்தால் வட்டம் மூடும், சில பத்து மில்லி ஆம்பியர் ஓடும். ‘ஓ, ஆள் எடுத்துட்டான்’ என்று எக்ஸ்சேஞ்ச் தெரிந்துகொண்டு டயல் டோன் கொடுக்கும். சுழற்றும் டயல் செய்வது வேறொன்றும் இல்லை, அந்த ஓட்டத்தை நொடிக்குப் பத்து என்ற வேகத்தில் எண்ணி எண்ணி அறுப்பது. மூன்று அறுத்தால் 3, பத்து அறுத்தால் 0. பொத்தானைத் தட்டினாலும் அதேதான் நடக்கிறது. கடைக்காரர் டயலைத்தான் பூட்டினார், கம்பியைப் பூட்டவில்லை.

பட்டன் போன் வந்தபோது எண் சொல்வது மட்டும் மாறியது. அமெரிக்காவில் 1963இல் தொடங்கியது அது. ஒவ்வொரு விசைக்கும் இரண்டு ஒலிகள் சேர்ந்து வரும். 5ஐ அமுக்கினால் 770 ஹெர்ட்ஸும் 1336 ஹெர்ட்ஸும். ஒன்று இன்னொன்றின் மடங்காக அமையாதபடி, மனிதக் குரல் தற்செயலாகப் போலி செய்துவிடாதபடி பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய எண்கள். ஆனால் எடுப்பதும் வைப்பதும் பழையபடியே, ஓட்டம் உண்டு அல்லது இல்லை.

இங்கே ஒரு விஷயத்தை நான் வெகுகாலம் கவனிக்காமல் இருந்துவிட்டேன். எடுத்தேன், வைத்தேன் என்று நாம் எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்வதற்கு இந்த ஓட்டம் இருக்கிறது. எக்ஸ்சேஞ்ச் நமக்குச் சொல்ல என்ன இருக்கிறது? மணி அடிக்க 75 வோல்ட்டுக்கு மேலான மாறுமின்சாரத்தை நொடிக்கு இருபது, இருபத்தைந்து முறை அனுப்பும். (வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஈரக் கையோடு வெறும் கம்பியைப் பிடித்திருந்தபோது யாரோ அந்த எண்ணுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். ஏணியிலிருந்து இறங்கவில்லை, குதித்தேன்.) மணியை விட்டால் மீதி எல்லாமே சத்தம்தான். டயல் டோன் ஒரு சத்தம். எதிர்முனையில் மணி அடிக்கிறது என்பதற்கு நம் ஊரில் ‘ட்ரூ-ட்ரூ… ட்ரூ-ட்ரூ’ என்று இரட்டைச் சத்தம். என்கேஜ், அதாவது அந்த லைன் ஏற்கெனவே பேச்சில் இருக்கிறது என்றால் 425 ஹெர்ட்ஸில் அரை நொடி ஒலி, அரை நொடி மௌனம். எல்லாம் காதுக்கான செய்திகள். கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்ற நம்பிக்கையில் அனுப்பப்படுபவை.

நான்கு சிவப்பு விளக்குகள்

2001 வாக்கில் மாக் மண்டினில் ஒரு லாரிக் கம்பெனிக்கு கீபோன் மாட்டினேன். நான்கு லைன், பன்னிரண்டு எக்ஸ்டென்ஷன். முதலாளி நம்மவர், துறைமுகத்துச் சரக்கு ஓட்டி முன்னுக்கு வந்தவர், வார்த்தைக்கு வார்த்தை ‘தம்பி’ போடுவார். இரவில் லாரிக்காரர்கள் கூப்பிட்டால் தமக்கு வர வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஆபீஸ் எண்ணுக்கு வரும் அழைப்பைப் பெட்டியே எடுத்து, இன்னொரு லைனில் வெளியே போய், அவருடைய கைப்பேசியைக் கூப்பிட்டு இரண்டையும் ஒட்டவைக்கும் வசதி அந்தப் பெட்டியில் இருந்தது. அதைப் போட்டுக் கொடுத்தேன். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. முதல் இரவு கம்பெனி வாசலில் நின்றுகொண்டே தம் ஆபீஸைத் தாமே கூப்பிட வைத்து, கையில் மணி அடித்ததும் சிரித்தார்.

இரண்டு வாரம் கழித்து ஆபீஸ் பெண் கூப்பிட்டார். காலையில் வந்து பார்த்தால் நான்கு லைனிலும் சிவப்பு விளக்கு எரிகிறது, யாரும் பேசவில்லை, வெளியிலிருந்து கூப்பிட்டால் என்கேஜ். பிளக்கைப் பிடுங்கி மாட்டச் சொன்னேன், சரியாகிவிட்டது. மூன்று நாளில் மறுபடி. அப்புறம் ஒரு வாரம் ஒன்றுமில்லை. பிறகு அடுத்தடுத்த இரண்டு இரவு.

இப்படிப் பிடிபடாத கோளாறுக்கு என் மாதிரி ஆட்களிடம் ஒரு கைமருந்துப் பட்டியல் உண்டு. முதலில் இடிமேல் பழி போட்டேன், நம் ஊரில் அது எப்போதும் எடுபடும். இடிதாங்கிக் கட்டைகளை மாற்றினேன். வெளிச்சுவரில் கம்பிகள் வந்து சேரும் டிபி பெட்டியில் எறும்புக் கூடு இருந்தது, தட்டித் துடைத்தேன். மழைத் தண்ணீர் இறங்கியிருக்கும் என்று கேபிளையே புதிதாக இழுத்தேன். லைன் கார்டை மாற்றினேன், என் கைக்காசு நானூறு வெள்ளி (ரிங்கிட்). போன் கம்பெனிக்காரர் வந்து சோதித்துவிட்டு லைன் நன்றாக இருக்கிறது என்றார். உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாம் மாதம் ஒரு நாள் தாப்பா பக்கம் நெடுஞ்சாலையில் ஒரு லாரி அச்சு முறிந்து நின்றுவிட்டது. இரவு இரண்டு மணி. ஓட்டுநர் அண்ணன் சாலையோர போனிலிருந்து விடிய விடியக் கூப்பிட்டிருக்கிறார், என்கேஜ், என்கேஜ், என்கேஜ். முதலாளி தூங்கிக்கொண்டிருந்தார், அவர் கைப்பேசி தலைமாட்டில் சும்மா கிடந்தது. மறுநாள் அவர் என்னைத் திட்டவில்லை. “தம்பி, அவன் கிட்ட நான் என்ன சொல்றது?” என்று மட்டும் கேட்டார். திட்டியிருக்கலாம்.

அன்று மாலை மாமாக் கடையில், அதாவது இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், ஐயாவைப் பார்த்தேன். பேர் வேண்டாம், எங்கள் வட்டாரத்தில் எல்லோருக்கும் அவர் ஐயாதான். ஜபாத்தான் தெலிகோம் என்று அரசாங்க இலாகாவாக இருந்த காலத்தில் எக்ஸ்சேஞ்ச் வேலைக்குச் சேர்ந்து, 1987இல் அது கம்பெனியானபோது கூடவே மாறி, ஓய்வு பெற்றவர். தே ஓவை (பால் சேர்க்காத தேநீரை) ஆற்றிக்கொண்டே என் புலம்பலை முழுக்கக் கேட்டார். இடி, எறும்பு, கார்டு எதைப் பற்றியும் கேட்கவில்லை.

“ராத்திரி போனை யாருடா எடுக்கிறா?”

“யாரும் இல்ல ஐயா. பெட்டிதான் எடுத்து முதலாளி கைப்பேசிக்குத் தள்ளும்.”

“அப்ப வைக்கிறது யாரு?”

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. பேசி முடித்தால் இரண்டு பேரும் வைத்துவிடுவார்கள்தானே என்றேன். “அவங்க வைப்பாங்க லா. உன் பெட்டிக்கு யாரு சொல்வா?” என்றார். தே ஓவுக்கு நான்தான் காசு கொடுத்தேன், இன்றுவரை நான் வாங்கிய பாடங்களில் அதுதான் மலிவு.

அன்றிரவே சாவி வாங்கிக்கொண்டு ஆபீஸில் உட்கார்ந்தேன். பதினோரு மணிக்கு மேல் ஓர் அழைப்பு வந்தது. முதல் லைன் சிவப்பானது, கொஞ்ச நேரத்தில் மூன்றாவது லைன் சிவப்பானது. பெட்டி முதலாளியைக் கூப்பிடுகிறது. இரண்டு நிமிடம் ஓடியிருக்கும். முதலாளிக்கு அடித்துக் கேட்டேன். “பேசிட்டு வச்சிட்டேனே தம்பி” என்றார். விளக்கு இரண்டும் எரிந்துகொண்டிருந்தன. கையில் இருந்த டெஸ்ட் போனை, கம்பிகளைச் செருகி இணைக்கும் குரோன் பிளாக்கில், அந்த லைன்மேல் கவ்வவிட்டுக் காதில் வைத்தேன்.

டூ… டூ… டூ… டூ…

ஒன்று இல்லை, இரண்டு. ஒன்றுக்குப் பின்னால் கொஞ்சம் மங்கலாக இன்னொன்று, தாளம் தப்பி. லாரிக்காரர் வைத்துவிட்டார், அதனால் முதல் லைனில் எக்ஸ்சேஞ்ச் டூ டூ கொடுக்கிறது. முதலாளியும் வைத்துவிட்டார், அதனால் மூன்றாவது லைனிலும் டூ டூ. இரண்டு பக்கமும் ஆள் இல்லை. நடுவில் என் பெட்டி ஒரு லைனின் டூ டூவை இன்னொரு லைனுக்கும், அதன் டூ டூவை இதற்குமாக விசுவாசமாகக் கடத்திக்கொண்டிருக்கிறது. அதைப் பொறுத்தவரை இரண்டு பேர் சுவாரசியமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். யார் பேச்சையும் வெட்டக் கூடாது என்று காத்திருக்கிறது. நான் முட்டாள்தனமாக “ஹலோ” என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் எக்ஸ்சேஞ்சுக்கே அலுத்துவிட்டது. டூ டூ நின்றது, லைன் செத்த மாதிரி ஆனது. ஆனால் பெட்டி இன்னும் வட்டத்தை மூடியே வைத்திருந்தது, ஆகவே வெளியிலிருந்து கூப்பிடுகிறவருக்கு என்கேஜ். இப்படி ஓர் அழைப்புக்கு இரண்டு லைன். நான்கு லைனையும் அடைக்க ஓர் இரவில் இரண்டே அழைப்பு போதும். யாராவது ஒரே ஒரு மனிதர் அந்தச் சத்தத்தைக் கேட்டிருந்தால் ரிசீவரை வைத்திருப்பார், கதை முடிந்திருக்கும்.

பெட்டி அவ்வளவு மடையனும் இல்லை. என்கேஜ் சத்தம் கேட்டால் லைனை விடும் வசதி அதில் இருந்தது. மறுநாள் தடித்த கையேட்டைக் கடைசிப் பக்கங்கள்வரை புரட்டினேன். அது தேடிக்கொண்டிருந்தது 480 ஹெர்ட்ஸும் 620 ஹெர்ட்ஸும் சேர்ந்த அமெரிக்க என்கேஜ் சத்தத்தை. தாளம் அதேதான், அரை நொடி அரை நொடி. சுருதிதான் வேறு. நம் ஊர் டூ டூவை அது மூன்று மாதமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது, அந்நிய பாஷை என்று விட்டிருந்தது. நாட்டு அட்டவணையில் மதிப்பை 425க்கு மாற்றினேன். என் கைப்பேசியிலிருந்து கூப்பிட்டு, முதலாளி எடுத்து, இருவரும் வைத்தோம். டூ, டூ, டூ, டூ. நான்காவது டூவில் பெட்டிக்குள் ரிலே ‘டக்’கென்று விழுந்தது. இரண்டு விளக்கும் அணைந்தன. அந்த ‘டக்’கை நான் அம்மாவின் ‘டொக்’ மாதிரி காத்திருந்து கேட்டேன்.

கேட்டியா? கேட்டேன்

அதற்குப் பிறகு ஐயாவை விடவில்லை. வாரத்துக்கு இரண்டு தடவையாவது அவர் மேசையில் உட்கார்ந்துவிடுவேன். ஓர் எக்ஸ்சேஞ்சும் இன்னோர் எக்ஸ்சேஞ்சும் பேசும்போது நடுவில் காது இல்லையே, அங்கே எப்படிச் சமாளித்தார்கள் என்று கேட்டேன்.

அமெரிக்காவில் ஒரு காலத்தில் செய்த வேலை எனக்குச் சிரிப்பாக இருந்தது. நெடுந்தொலைவுத் தடம் சும்மா கிடக்கும்போது அதில் 2600 ஹெர்ட்ஸ் ஒலி ஓடிக்கொண்டே இருக்கும். ஒலி நின்றால் ஆள் வந்தாயிற்று, திரும்ப வந்தால் ஆள் போயாயிற்று. பேச்சு போகிற அதே பாதையில் கட்டளையும் போகிறது. பார்வையில்லாத பையன் ஒருவன், ஜோ எங்ரெசியா, அந்தச் சுருதியில் சீட்டி அடித்தால் லைன் விட்டுப்போவதைக் கண்டுபிடித்தான். அப்புறம் தானிய உணவுப் பெட்டியோடு இனாமாக வந்த பொம்மை விசிலும் அதே சுருதி என்று தெரிந்தது. அதன்பின் ஊரை ஏமாற்றி ஓசியில் பேசிய கதைகள் எல்லோருக்கும் தெரியும், விடுவோம்.

ஐயா வேலை பார்த்த ஆர்2 முறைதான் எனக்குப் பிடித்தது. எக்ஸ்சேஞ்சுகள் எண்களைச் சொல்லிக்கொள்ள, போகும் திசைக்கு 1380 முதல் 1980 ஹெர்ட்ஸ்வரை ஆறு ஒலி, வரும் திசைக்கு 540 முதல் 1140வரை ஆறு ஒலி. ஆறில் இரண்டைச் சேர்த்து ஒலித்தால் பதினைந்து செய்தி. இதில் அழகு என்னவென்றால், ஓர் எண்ணுக்கான ஒலியை அனுப்புகிற பக்கம் பதில் ஒலி வரும்வரை நிறுத்தாது. பதில் சொல்கிற பக்கமும் முதல் ஒலி நிற்கும்வரை நிறுத்தாது. ஐயா கையை ஆட்டி நடித்தே காட்டுவார். “‘கேட்டியா?’ ‘கேட்டேன்.’ ‘நிறுத்திட்டேன்.’ ‘நானும் நிறுத்திட்டேன்.’ அடுத்த நம்பர். இப்படிப் போகும்டா. ஒருத்தன் சொல்லாம ஒருத்தன் நகர மாட்டான்.”

அதே ஆர்2வில் வைப்பதற்கு இரண்டு தனிச் செய்திகள் உண்டு என்றும் சொன்னார். அழைத்தவர் வைத்தால் ஒன்று, அழைக்கப்பட்டவர் வைத்தால் வேறொன்று. கிளியர் ஃபார்வர்ட், கிளியர் பேக். இரண்டும் சமமும் இல்லை. அழைத்தவர் வைத்தால் தடம் உடனே கலைந்துவிடும். அழைக்கப்பட்டவர் வைத்தால் அழைத்தவர் பக்கத்துக்குத் தகவல் போகும், தடம் கொஞ்சம் காத்திருக்கும். பழைய நாளில் முன்கூடத்தில் வைத்துவிட்டு அறைக்குள் ஓடி இன்னொரு போனை எடுத்தால் பேச்சு விட்ட இடத்திலேயே தொடரும், நினைவிருக்கிறதா? அது இந்தக் கருணையால்தான். பிற்பாடு வந்த ஏழாம் எண் முறையில் செய்திகள் பேச்சுத் தடத்தை விட்டு விலகித் தனிப் பாதையில் போகத் தொடங்கிவிட்டன, சீட்டி அடித்து ஒன்றும் ஆகாது. அதிலும்கூட அழைக்கப்பட்டவர் வைத்ததும் சஸ்பெண்ட், மறுபடி எடுத்தால் ரெசியூம் என்று இரண்டு செய்திகளை விட்டுவைத்திருக்கிறார்கள். யாரோ ஒரு பொறியாளருக்கு வீட்டில் இரண்டு போன் இருந்திருக்க வேண்டும்.

பதினாறு

லாரிக் கம்பெனி வளர்ந்தது. சில வருடம் கழித்து நான்கு லைனைத் தூக்கிவிட்டு டிஜிட்டல் இணைப்பு வாங்கினார் முதலாளி. ஒரே கம்பியில் நொடிக்கு 20 லட்சத்து 48 ஆயிரம் பிட், அதை 32 கூறாகப் பங்கு போட்டால் ஒவ்வொன்றும் 64 ஆயிரம். 30 கூறு பேச்சுக்கு, ஒன்று தாளம் தப்பாமல் பார்த்துக்கொள்ள, 16ஆம் கூறு சைகைக்கு. பிட்டுகளை மட்டும் தூக்கிப் போடும் பழைய முறையும் அந்த 16ஆம் கூறில்தான் ஓடியது. ஐஎஸ்டிஎன் என்ற இந்தப் புது டிஜிட்டல் முறையில் முழு வாக்கியமே போகும். மடிக்கணினியைச் செருகி, போவதையும் வருவதையும் வரிவரியாகப் பார்க்கலாம்.

முதல் நாள் ஒரு சோதனை அழைப்பு போட்டுவிட்டு, எதிர்முனைக்காரரை வைக்கச் சொன்னேன். திரையில் வந்தது: டிஸ்கனெக்ட், காரணம் 16. எங்கள் பெட்டி பதில் அனுப்பியது: ரிலீஸ். மறுபடி அங்கிருந்து: ரிலீஸ் கம்ப்ளீட். கண்சிமிட்டும் நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. காரணம் 17 என்றால் அவர் வேறு யாரோடோ பேசுகிறார். 19 என்றால் மணி அடித்தும் எடுக்கவில்லை. 1 என்றால் அப்படி ஓர் எண்ணே இல்லை. 16 என்றால் ஒன்றுமில்லை, வழக்கம்போல் பேசி முடித்து வைத்துவிட்டார். பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்ந்து முடிந்த அழைப்பு என்று நான் எனக்குள் வைத்துக்கொண்டேன்.

அந்த மூன்று வரியைப் பார்த்தபோது மூன்று மாத அவஸ்தையும் நினைவுக்கு வந்தது, கூடவே ஒரு சிரிப்பும். நம் வீடுகளில் எவரும் போனை அப்படியே வைப்பதில்லை. “வைக்கட்டுமா?” “சரி, வை.” “வைக்கிறேன்.” டிஸ்கனெக்ட், ரிலீஸ், ரிலீஸ் கம்ப்ளீட். ஜெனீவாவில் உட்கார்ந்து எழுதிய நெறிமுறையை எங்கள் தெருவில் பாட்டிகள் அதற்கு முன்னாலேயே கடைப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். சில அத்தைகள் “வைக்கட்டுமா”வுக்குப் பிறகு இன்னும் இருபது நிமிடம் பேசுவார்கள், அதற்கு மட்டும் செய்தி எண் இல்லை.

போன மாதம் ஒரு பயிற்சி வகுப்பில் இளம் பொறியாளர் ஒருவர் செம்புக் கம்பி லைனை ‘முட்டாள் லைன்’ என்றார். எடுத்தது தெரியும், வைத்தது தெரியாது, யார் கூப்பிடுகிறார் என்று மணிக்கு நடுவில் திணித்து அனுப்ப வேண்டியிருந்தது, தொலைந்தது சனி என்றார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன், ஆனால் வண்டி ஓட்டி வீடு திரும்பும்வரை அது குத்திக்கொண்டே வந்தது. அந்த லைன் முட்டாள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரே ஒரு ஓட்டத்தை வைத்துக்கொண்டு எடுத்தேன், வைத்தேன், எண், மணிக்குப் பதில் என்று இத்தனையும் சொன்னது அது. மீதியைச் சத்தமாக அனுப்பியது, ஏனென்றால் முனையில் ஓர் ஆள் இருப்பார் என்று அதற்குச் சொல்லப்பட்டிருந்தது. ஆளை எடுத்துவிட்டுப் பெட்டியை உட்கார வைத்தது நாம், அதாவது நான். மாக் மண்டினில் மூன்று மாதம் கோளாறாக இருந்தது லைன் இல்லை. கைக்காசு நானூறு வெள்ளி போட்டு நான் மாற்றிய கார்டும் இல்லை.

புதியதிலும் அதே ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. இணையத்தில் போகும் பேச்சுக்கான சிப் (SIP) என்ற நெறிமுறையில், வைக்கும்போது ஒரு முனை மறுமுனைக்கு அனுப்பும் செய்தியின் பெயரே ‘பை’. மனிதர் மாதிரி விடைபெறக் கற்றுக்கொண்டுவிட்டது என்று முதலில் ரசித்தேன். ஆனால் நடுவில் இணையம் அறுந்தால் அந்தப் பை வந்து சேராது. மறுமுனை இன்னும் ஆள் இருக்கிறார் என்றே நினைத்துக்கொண்டிருக்கும். அதற்காகக் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு தடவை ‘இருக்கியா?’ என்று கேட்கும் ஏற்பாட்டைப் பின்னால் சேர்த்தார்கள். அம்மா கேட்பதும் அதேதான்.

டொக்

அம்மாவின் வீட்டுப் பெட்டிக்கு வருவோம். நான் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து கைப்பேசியில் பேசி முடித்துச் சிவப்புப் பொத்தானை அமுக்கினால், செய்தி போய் அவர் ரூட்டரைச் சேர்கிறது. முன்பு எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்த டூ டூ இப்போது வருவதில்லை. அந்தச் சுவர்ப்பெட்டியே தனக்குள் செய்து பாடுகிறது. பாடுமுன் ஒன்றிரண்டு நொடி மூச்சு விடாமல் நிற்கிறது. லைன் மாறும்போது கேட்கும் ‘டொக்’ சுத்தமாக இல்லை. அந்த மௌனத்தில் அம்மா “ஹலோ? ஐயா? இருக்கியா?” என்று யாருமில்லாத பெட்டியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். கரண்ட் போனால் எக்ஸ்சேஞ்ச் பேட்டரியில் போன் மட்டும் உயிரோடு இருந்த காலமும் போயிற்று, அது அவருடைய இரண்டாவது புகார், அதற்கு ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி வைத்துவிட்டேன்.

முதல் புகாருக்குப் பெட்டியின் அமைப்பில் கை வைக்க எனக்கு அனுமதி இல்லை, பூட்டியிருக்கிறது. மளிகைக் கடை டயல் மாதிரி. அதனால் தட்டுகிறேன். “வைக்கட்டுமா?” என்று கேட்டு, “சரி, வை” வந்ததும் “வைக்கிறேன்” சொல்லி, சிவப்புப் பொத்தானை அமுக்குமுன் விரல் முட்டியால் கைப்பேசியின் முதுகில் ஒரு தட்டு. டொக். ஆர்2 மாதிரி, பேச்சு போகிற பாதையிலேயே. ரிசீவரை வைத்துவிடுகிறார். மனைவி ஒரு தடவை பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

போன வாரம் சாலையில் இருந்தேன், அவசரம், தட்டாமல் வைத்துவிட்டேன். அரை நிமிடத்தில் கைப்பேசி அடித்தது.

“என்னய்யா, லைன் கட்டாயிடுச்சா?”